கையால் கட்டிய ஆம்ப்ளிஃபையருக்கு முதல் முறை மின்சாரம் கொடுப்பது: அச்சமும் வழிமுறையும்

பற்றாசு (அல்சூர்) எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அலுவலகம் முடிந்து வந்தபின் கிடைக்கும் இரவு நேரங்களில், இரண்டு சேனல் கொண்ட ஓர் ஆம்ப்ளிஃபையரை முழுக்க முழுக்கக் கையால் கட்டி முடித்திருக்கிறேன். அச்சிட்ட பலகை எதுவும் இதில் இல்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஜீரோ பிசிபி என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்தத் துளைப்பலகையில் ஒவ்வொரு பாகத்தின் காலையும் வளைத்து, அடியில் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியை இழுத்துப் பற்றவைத்திருக்கிறேன். வெளியீட்டில் சேனலுக்கு ஒரு ஜோடியாக 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர்கள். அவற்றை இயக்க பிடி139, பிடி140. 25-0-25 வோல்ட் தரும் 300 விஏ வளைய டிரான்ஸ்பார்மர். பக்கத்துக்கு ஒன்றாக 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர். வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பலமுறை சரிபார்த்துவிட்டேன்.

ஆனால் இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. பெட்டி மேசையின் மேல் இருக்கிறது, வயரும் செருகப்பட்டிருக்கிறது, சுவிட்சைப் போட மட்டும் மனம் வரவில்லை. பாகங்களின் விலை என் கவலை அல்ல. கருகிப் போனால் அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய் வாங்கிவிடலாம். அந்தக் கம்பிகளை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று யோசித்து யோசித்து அமைத்த ஒழுங்கை மீண்டும் வாங்க முடியாது. இத்தனை மாத உழைப்பின் தலையெழுத்தை ஒரே ஒரு சுவிட்ச் ஒரே நொடியில் முடிவு செய்துவிடும் என்ற எண்ணம்தான் கையைத் தடுக்கிறது.

எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது நீங்கள் எந்த வரிசையைப் பின்பற்றுகிறீர்கள்? இந்த அச்சம் அனுபவத்தோடு குறைந்துவிடுமா?

நேர்மின் (ஒயிட்ஃபீல்டு) எழுதியது:

நண்பரே, வரைபடத்தோடு பலமுறை ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று என்று நீங்களே சொல்கிறீர்கள். இனிக் காத்திருப்பதால் பலகை மேம்படப் போவதில்லை. ஃபியூஸ் போட்டிருக்கிறீர்கள் அல்லவா? தைரியமாகப் போடுங்கள். பழுது இருந்தால் ஃபியூஸ் எரியும், நீங்கள் பழுதைத் தேடிச் சரிசெய்வீர்கள். எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

ஜாலஹள்ளி வாசி எழுதியது:

நேர்மின் அவர்களின் அக்கறை புரிகிறது, ஆனால் அந்த அறிவுரையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். ஃபியூஸ் வீட்டைத் தீயிலிருந்து காப்பதற்காக இருக்கிறது. டிரான்சிஸ்டரைக் காப்பது அதன் வேலை அல்ல. ஃபியூஸ் கம்பி சூடாகி உருகுவதற்குள் வெளியீட்டு டிரான்சிஸ்டரின் உள்ளே இருக்கும் சிறிய சிலிக்கான் துண்டு உருகிக் குறுக்கிணைப்பாகிவிடும் (ஷார்ட் ஆகிவிடும்). ஒன்று போனால் ஜோடியில் இருக்கும் மற்றதையும், அதை இயக்கும் பிடி139-ஐயும், எமிட்டர் ரெசிஸ்டரையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதன்பின் முதலில் போனது எது, அதனால் போனவை எவை என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

1954-இல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் இந்த ஜாலஹள்ளியில்தான் இருக்கிறது என்பதால், மின்னணுவியலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களில் ஒருவராக, தம்பிக்கு முதலில் சொல்லக்கூடியது சீரீஸ் பல்பு. ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளில் ஒரு மரப்பலகையில் பல்பு ஹோல்டரும் ஒரு பிளக் பாயின்டும் பொருத்தி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சோதிக்க வேண்டிய கருவிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அந்தப் பல்பின் வழியாகத்தான் போக வேண்டும்.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் நம்பிக்கை வரும். 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பின் இழை முழு வெளிச்சத்தில் எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 880 ஓம். குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. ஆகவே உங்கள் கருவி சிறிதளவு மின்னோட்டமே எடுத்தால், பல்பு குளிர்ந்தே இருந்து பெரும்பான்மையான வோல்டேஜைக் கருவிக்கு விட்டுக்கொடுக்கும். கருவிக்குள் குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, தன் மின்தடையைத் தானே உயர்த்திக்கொண்டு, மின்னோட்டத்தைக் கால் ஆம்பியருக்குச் சற்று மேல் நிறுத்திவிடும். டிரான்ஸ்பார்மர் வழியாகக் கெப்பாசிட்டர்கள் மின்னேற்றம் பெறும் ஓரிரு நொடி பல்பு எரிந்து மங்கி அணைவது நல்ல அறிகுறி. எரிந்துகொண்டே இருந்தால் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும்.

இன்னொன்று. முதல் நாள் ஆம்ப்ளிஃபையர் பலகைகளை இணைக்கவே வேண்டாம். டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக மாற்றும் டயோடுகள்), கெப்பாசிட்டர் ஆகியவற்றை மட்டும் சோதியுங்கள். அது தேறிய பிறகு ஒரு சேனல். அதுவும் தேறிய பிறகு மற்ற சேனல். ஸ்பீக்கரை இணைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

பற்றாசு எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. குண்டு பல்பு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. எங்கள் தெருக் கடையில் எல்இடி மட்டுமே இருக்கிறது. அதை வைத்துச் செய்ய முடியாது என்றுதான் நினைக்கிறேன். பல்பு அணைந்துவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? பெரிய பழுதைப் பல்பு காட்டும். சிறிய பழுதை அது காட்டாதே என்ற எண்ணம் இப்போது புதிதாகச் சேர்ந்துகொண்டது.

அலைகாட்டி (மாரத்தஹள்ளி) எழுதியது:

எல்இடி பல்பு கண்டிப்பாகக் கூடாது. அதற்குள் தனியாக ஒரு மின்சுற்று இருக்கிறது, இழையின் குணம் அதற்குக் கிடையாது. கே.ஆர். மார்க்கெட் பக்கத்துப் பழைய மின்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள், குண்டு பல்பு இன்னும் கிடைக்கக்கூடும். சிறிய பழுதைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்கு என் தொழிலிலிருந்து பதில் சொல்கிறேன்.

நான் சில்லு வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில், தொழிற்சாலையிலிருந்து முதன்முதலாக வந்து சேரும் சில்லுகளுக்கு உயிர் கொடுத்துப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். பல பேர் ஓராண்டுக்கும் மேலாக உழைத்த ஒன்று, நகத்தளவு கருப்புத் துண்டாக எங்கள் மேசைக்கு வரும். அதில் பிழை இருந்தால் துளைப்பலகையில் கம்பியை மாற்றுவது போல் மாற்ற முடியாது. புதிய மாஸ்குகள் (சுற்றைச் சில்லில் பதிக்கும் அச்சுத் தகடுகள்) செய்து மீண்டும் தயாரித்து வர மாதங்கள் ஆகும். அந்த நாளின் காலையில் எங்கள் ஆய்வகத்தில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்தில் விடை இதுதான்: அச்சம் குறைவதில்லை, ஆனால் அதற்கு வேலை கொடுத்துவிட முடியும்.

நாங்கள் செய்வது எளிமையானது. சில்லு வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கும்போது, ஒரு தாளில் ஒவ்வொரு படியையும் எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு படிக்கும் மூன்று விவரங்கள் இருக்கும்: எந்த இடத்தில் அளக்க வேண்டும், மீட்டர் எவ்வளவு காட்ட வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் யாரையும் கேட்காமல் அணைக்க வேண்டும். அன்றைய நாளில் யாரும் புதிதாக முடிவு எடுப்பதில்லை, எழுதியதைச் செய்கிறோம். முதலில் சில்லு இல்லாமல் பலகைக்கு மட்டும் மின்சாரம். பிறகு சில்லைப் பொருத்தி, மின்சாரம் இல்லாமலேயே ஒவ்வொரு மின்தடத்துக்கும் (மின்வழங்கியின் வோல்டேஜைக் கொண்டுவரும் பாதை) தரைக்கும் இடையே மின்தடையை அளப்போம். அதன்பின்தான் மின்னோட்ட வரம்பு வைத்த மின்வழங்கி.

எதிர்பார்க்கும் எண்ணை முன்கூட்டியே எழுதுவதுதான் இதில் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மீட்டர் 1.7 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதுவும் எழுதாமல் அளந்தவர், அந்த எண்ணுக்கு ஒரு காரணத்தைக் கற்பித்து அடுத்த படிக்குப் போய்விடுவார். ஏனென்றால் அவர் மனம் அது வேலை செய்ய வேண்டும் என்று விரும்புகிறது. 1.5 வோல்ட் என்று எழுதிவைத்தவர், 0.2 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். “இது வேலை செய்யுமா” என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதைக் கேட்டுக்கொண்டு சுவிட்சின் முன் நின்றால் கை நடுங்கத்தான் செய்யும். “இந்த இரண்டு முனைகளுக்கு நடுவே இப்போது எவ்வளவு இருக்க வேண்டும்” என்ற கேள்விக்கு உங்கள் வரைபடமே பதில் சொல்லும்.

உங்கள் ஆம்ப்ளிஃபையருக்கு நான் எழுதக்கூடிய சில படிகள் இவை. மின்சாரம் இல்லாமல், ஒவ்வொரு வெளியீட்டு டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் ஹீட் சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இடையே மின்தடையை அளவிடுங்கள். 2எஸ்சி5200-இன் பின்புற உலோகம் கலெக்டரோடு இணைந்தது. இரண்டுக்கும் நடுவே மின்காப்பாக வைக்கும் மைக்கா தாளில் ஒரு சிறு உலோகத் துகள் குத்தியிருந்தாலும் போதும், அந்த மின்தடம் ஹீட் சிங்கோடு சேர்ந்துவிடும். அடுத்து, சேனலின் நேர், எதிர் மின்தட ஃபியூஸ்களை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தற்காலிகமாக வையுங்கள். முழுக் குறுக்கிணைப்பு ஏற்பட்டாலும் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே போகும். ரெசிஸ்டர் சூடாகும், டிரான்சிஸ்டர் பிழைக்கும். அதோடு, அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே தெரியும் வோல்டேஜே உங்கள் மின்னோட்ட மீட்டர். ஒரு வோல்ட் என்றால் 10 மில்லிஆம்பியர். பல்புக்குத் தெரியாத சிறிய பழுது இங்கே தெரிந்துவிடும்.

கோரமங்களா மாணவி எழுதியது:

வணக்கம். கல்லூரி இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்காக ஒரு கட்டுப்பாட்டுப் பலகையைக் கையால் கட்டிக்கொண்டிருப்பதால் இந்த உரையாடலைத் தொடர்ந்து படிக்கிறேன். என் அச்சம் வேறு வகையானது. முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது பேராசிரியரும் மற்ற மாணவர்களும் சுற்றி நிற்பார்கள். அவர்கள் பார்க்கும்போது புகை வந்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணத்தில் கணக்குக் கூட மறந்துபோகிறது. மேலும், என்னுடையது 5 வோல்ட் பலகை; சீரீஸ் பல்பு இதற்கு உதவுமா?

அலைகாட்டி எழுதியது:

தங்கை, பிறர் பார்க்கும் சோதனை உங்கள் பலகையின் முதல் சோதனையாக இருக்கவே கூடாது. ஆய்வகம் காலியாக இருக்கும் நேரத்தில், உதவிக்கு ஒரே ஒரு தோழியை வைத்துக்கொண்டு, எழுதிய தாளோடு முதல் சோதனையை முடித்துவிடுங்கள். தோழியின் வேலை அளவுகளைக் குறிப்பதும், நீங்கள் படியைத் தாண்டினால் நிறுத்தச் சொல்வதும் மட்டும்தான்.

5 வோல்ட் பலகைக்குப் பல்பு வேண்டாம். கல்லூரியில் இருக்கும் பெஞ்ச் மின்வழங்கியில் வோல்டேஜை 5-இலும், மின்னோட்ட வரம்பை நீங்கள் கணக்கிட்டதைவிடச் சற்றே அதிகமாகவும் வைத்தால் போதும். சில்லுகளைச் சாக்கெட்டில் பொருத்தியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டின் மின்முனையிலும் 5 வோல்ட் வருகிறதா, தரைமுனை உண்மையிலேயே தரையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கால்வரிசையைப் பற்றியும் கவனம் வேண்டும். 7805 வோல்டேஜ் ரெகுலேட்டரில் உள்ளீடு, தரை, வெளியீடு என்ற வரிசை. 7905-இல் தரை, உள்ளீடு, வெளியீடு. அதன் உலோகத் தகடும் தரை அல்ல, உள்ளீடு. பிசி547 டிரான்சிஸ்டருக்குப் பதிலாக 2என்3904-ஐப் பொருத்தினால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிவிடும். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை குறிப்பது எதிர்முனையை, டான்டலத்தில் பட்டை குறிப்பது நேர்முனையை. தலைகீழாக வைத்த டான்டலம் தீப்பிடித்தே எரியக்கூடும்.

ஜாலஹள்ளி வாசி எழுதியது:

கருவியைக் காப்பது பற்றி நிறையப் பேசிவிட்டோம். கட்டியவரைக் காப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதற்றத்தில் இருப்பவர் தன் கையைத்தான் முதலில் மறக்கிறார்.

பற்றாசு தம்பி, உங்கள் இரண்டு மின்தடங்களுக்கும் இடையே 70 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுற்றுக்கு அப்பால் இருப்பதால், வீட்டில் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தாலும் அந்தப் பகுதியில் அது உங்களைக் காக்காது. அளவிடும்போது கருப்பு முள்ளைக் கிளிப் போட்டுத் தரையில் மாட்டிவிட்டு, சிவப்பு முள்ளை மட்டும் ஒரு கையால் பிடியுங்கள். மற்ற கை மேசைக்குக் கீழே இருக்கட்டும். கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் குறுக்கேயும் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நிரந்தரமாகவே பற்றவைத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்து ஒரு நிமிடத்தில் மின்னேற்றம் வடிந்துவிடும். அப்போதும் மீட்டரால் பார்த்த பிறகே தொட வேண்டும். பெட்டியின் உலோகத்தை மூன்று முள் பிளக்கின் தரையோடு இணைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அலைகாட்டிக் கருவி (ஆசிலோஸ்கோப்) பயன்படுத்துவதாக இருந்தால், அதன் தரைக் கிளிப் உள்ளுக்குள் வீட்டின் தரைக்கம்பியோடு இணைந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, டிரான்ஸ்பார்மரின் முதன்மைப் பக்கம் எங்கும் அதை மாட்டாதீர்கள்.

நம் ஊரில் மின்வெட்டு நேரத்தில் சோதிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சில வீடுகளில் இருக்கும் பழைய வகை இன்வெர்ட்டர் சதுர அலையைத் தருகிறது. அதன் உச்ச வோல்டேஜ், இயல்பான அலையின் 325 வோல்ட்டைவிட மிகக் குறைவு. உங்கள் மின்தடங்களும் அதற்கேற்பத் தாழ்ந்து காட்டும், நீங்கள் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக பயாஸ், அதாவது ஒலி இல்லாதபோதும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் சிறிது மின்னோட்டம் ஓடும்படி வைக்கும் அமைப்பு. அதை அமைக்கும் பிரீசெட் (திருகி மாற்றும் சிறு ரெசிஸ்டர்), பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே இருக்கும்படி கட்டியிருக்கிறீர்களா? அங்கே இருந்தால், பிரீசெட்டின் தொடுமுனை என்றாவது விட்டுப்போனாலும் பயாஸ் குறைந்து சுற்று பாதுகாப்பாக இருக்கும். கலெக்டர் பக்கம் இருந்தால், விட்டுப்போகும் நொடியில் பயாஸ் எகிறி இரண்டு டிரான்சிஸ்டர்களும் முழுதாகத் திறந்துகொள்ளும். மின்சாரம் கொடுக்கும் முன்பே அதைக் குறைந்த பயாஸ் நிலையில் வையுங்கள்.

தொலைநோக்கி (பீனியா) எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. சரிபார்ப்புப் பட்டியல் நீளநீள, அதுவே தள்ளிப்போடுவதற்கான வழியாக மாறிவிடக் கூடும். நேர்மின் அவர்கள் சொன்ன முறை தவறு, ஆனால் காத்திருப்பதால் பலகை மேம்படாது என்று அவர் சொன்னது உண்மை.

நான் வசிக்கும் பீனியாவின் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான் நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவைப் பேராசிரியர் யு.ஆர். ராவ் தலைமையில் கட்டினார்கள். 360 கிலோ எடையுள்ள அது, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏவப்பட்டது. பூமியில் செய்யக்கூடிய சோதனைகளைச் செய்துதான் அனுப்பினார்கள். இருந்தும் சில நாட்களிலேயே மின்வழங்கியில் பழுது ஏற்பட்டு, அறிவியல் ஆய்வுகள் நின்றுபோயின. அந்த அனுபவத்தோடு அடுத்ததைக் கட்டினார்கள். பாஸ்கரா-1 1979 ஜூன் 7 அன்று மேலே போனது. எல்லா ஐயமும் தீர்ந்த பிறகுதான் ஏவுவோம் என்று இருந்திருந்தால் ஆரியபட்டா அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வந்திருக்காது. தாளில் எழுதிய படிகள் முடிந்துவிட்டால், ஐயம் மிச்சம் இருந்தாலும் சுவிட்சைப் போட வேண்டும். பற்றாசு அவர்கள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பற்றாசு எழுதியது:

நண்பர்களே, ஞாயிறு காலையில் தொடங்கினேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மின்வழங்கி மட்டும், சீரீஸ் பல்போடு: பல்பு ஒரு நொடி பிரகாசமாக எரிந்து அணைந்தது. பல்பை நீக்கிய பின் மின்தடங்களுக்கு நான் எழுதியிருந்த எண் 34 வோல்ட். மீட்டர் காட்டியது 38.7. முன்பு போல இருந்திருந்தால், கொஞ்சம் கூடுதல்தானே என்று விட்டிருப்பேன். எழுதியிருந்ததால் காரணத்தைத் தேடினேன். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் 243 வோல்ட் வந்துகொண்டிருந்தது. சுமையே இல்லாத டிரான்ஸ்பார்மர் தன் மீது எழுதிய வோல்டேஜைவிட அதிகம் தரும். இரண்டையும் கணக்கில் எடுத்தால் எண் பொருந்திவிடுகிறது. 35 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் எல்லை கடந்திருக்கும். 50 வோல்ட் என்பதால் இடம் இருக்கிறது.

இடது சேனல், 100 ஓம் ரெசிஸ்டர்களோடு: எதிர்பார்த்தது 1.5 வோல்ட், காட்டியது 1.4. வெளியீட்டில் நேர்மின்சார (டிசி) அளவு 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன், 12 இருந்தது.

வலது சேனல்: ரெசிஸ்டரில் 1.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 9 வோல்ட். மூன்றைத் தாண்டினால் அணைக்க வேண்டும் என்று தாளில் இருந்தது, அணைத்துவிட்டேன். பாகம் எதுவும் கருகவில்லை. பிரீசெட் குறைந்த நிலையில்தான் இருக்கிறது, ஹீட் சிங்க் மின்காப்பும் சரியாக இருக்கிறது. எங்கே தேடுவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 9 வோல்ட்டைப் பார்த்தபோது நான் மாதக்கணக்காக அஞ்சிய நிகழ்வு அதுதான் என்பதே உடனே தோன்றவில்லை. அணைப்பது, குறிப்பது, கெப்பாசிட்டர் வடிவதற்குக் காத்திருப்பது என்று செய்ய வேண்டியவை அடுத்தடுத்து இருந்தன.

அலைகாட்டி எழுதியது:

நன்றாகச் செய்தீர்கள். பயாஸ் இல்லாமலே 90 மில்லிஆம்பியர் எடுக்கிறது, ஆனால் குறுக்கிணைப்பு இல்லை என்றால், சுற்று உயர் அலைவெண்ணில் தானாக அலைகிறதோ என்று ஐயப்படுகிறேன். சாதாரண மல்டிமீட்டர் அந்த அலைவெண்ணைக் காட்டாது. வேறு ஒரு வழி இருக்கிறது: வெளியீட்டில் கெப்பாசிட்டரோடு தொடராக 10 ஓம் ரெசிஸ்டர் வைத்திருப்பீர்கள். ஒலியே இல்லாதபோது அது குளிர்ந்திருக்க வேண்டும். சில நொடிகள் மட்டும் மின்சாரம் கொடுத்து, அணைத்து, மின்னேற்றம் வடிந்த பின் தொட்டுப் பாருங்கள்.

பற்றாசு எழுதியது:

சூடாக இருக்கிறது. இடது சேனலில் அதே ரெசிஸ்டர் குளிர்ந்திருக்கிறது.

ஜாலஹள்ளி வாசி எழுதியது:

அப்படியானால் அலைவுதான். வோல்டேஜ் பெருக்கும் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே, இந்த அலைவைத் தடுப்பதற்காக இருக்கும் ஈடுகட்டும் கெப்பாசிட்டரை இரு சேனல்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் மேல் 101 என்று இருந்தால் 100 பைக்கோஃபாரட். 100 என்று இருந்தால் வெறும் 10.

பற்றாசு எழுதியது:

ஐயா, வலது சேனலில் இருப்பது 100. ஒரே கடையில் ஒரே பையில் வாங்கியவற்றில் ஒன்று மட்டும் அப்படிக் கலந்து வந்திருக்கிறது. பையில் மிச்சம் இருந்ததில் 101 ஒன்றை எடுத்து மாற்றினேன். ரெசிஸ்டரில் இப்போது 1.5 வோல்ட், 10 ஓம் குளிர்ந்திருக்கிறது, வெளியீட்டில் 9 மில்லிவோல்ட்.

பிறகு 100 ஓம் ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டு ஃபியூஸ் போட்டு, இரண்டு சேனல்களிலும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 11 மில்லிவோல்ட் வரும்வரை, அதாவது 50 மில்லிஆம்பியர் ஓடும்வரை, பிரீசெட்டை மெதுவாகத் திருகினேன். 8 ஓம் சுமை ரெசிஸ்டரோடு கொஞ்ச நேரம் ஓட்டினேன். சூடான பின் அந்த 11 மில்லிவோல்ட் 13 வரை ஏறி நின்றுவிட்டது. இது இயல்பா? ஸ்பீக்கரை இணைக்கலாமா?

ஜாலஹள்ளி வாசி எழுதியது:

இயல்புதான். டிரான்சிஸ்டர் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. அதை ஈடுகட்டவே பயாஸ் டிரான்சிஸ்டரை ஹீட் சிங்கில் பொருத்துகிறோம். ஏறி நின்றால் கவலை இல்லை. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் ஆபத்து. பெட்டியின் மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, சூடான நிலையிலேயே மீண்டும் 11-க்குக் கொண்டுவாருங்கள். மூடி திறந்திருக்கும்போது அமைத்த பயாஸ், மூடியபின் கூடிவிடும்.

முதல் ஸ்பீக்கர் விலை குறைந்த பழையதாக இருக்கட்டும். வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒன்று குறுக்கிணைந்தால் 38 வோல்ட் நேர்மின்சாரம் 8 ஓம் சுருளில் நேராகப் பாயும். கணக்குப்படி அது 180 வாட். எந்தக் குரல்சுருளும் அதைத் தாங்காது. உங்கள் நல்ல ஸ்பீக்கர்களை இணைப்பதற்கு முன், வெளியீட்டில் நேர்மின்சாரம் தென்பட்டதும் துண்டிக்கும் ரிலே பாதுகாப்புச் சுற்று ஒன்றைக் கட்டுங்கள். அதற்கு ஒரு துண்டு ஜீரோ போர்டு போதும். அதன் வரைபடத்தை வேண்டுமானால் நாளை இங்கேயே பதிவிடுகிறேன்.

பற்றாசு எழுதியது:

பதிவிடுங்கள் ஐயா. மூடியைப் போட்டுவிட்டேன். பழைய ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் ஒலி தெளிவாக வருகிறது. பாட்டை நிறுத்திக் காதை அருகில் வைத்தாலும் இரைச்சல் கேட்கவில்லை. ரிலே சுற்றுக்கான தாளை இப்போதே எழுதத் தொடங்குகிறேன். துண்டிக்க வேண்டிய வோல்டேஜ் எவ்வளவு என்று மட்டும் வரைபடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள், எதிர்பார்க்கும் எண்ணாக அதைத்தான் முதல் வரியில் குறிக்க வேண்டும்.